தவறான தாக்குதல் என்ற செய்தி வரும்போது தலைவர்களின் பொறுப்பைக் கண்டறிவது எப்படி

ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டின் தூதரகத்தையோ, பயணிகள் விமானத்தையோ, மருத்துவமனையையோ தாக்கிவிட்டு, அது தவறுதலாக நடந்துவிட்டது என்று அறிவித்தால், நம்மிடையே உடனே இரண்டு தீர்ப்புகள் எழுந்துவிடுகின்றன. போர் என்றால் இப்படித்தான் என்று ஒரு சாரார் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுத் தலைவரே கொலைகாரர் என்று மறு சாரார் முத்திரை குத்திவிடுகிறார்கள். இரண்டுமே உழைப்பைத் தவிர்க்கும் வழிகள். கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சொற்போருக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தும் ஆசிரியர்களுக்கும், தமிழ் நாளிதழ்களுக்குக் கட்டுரையோ வாசகர் கடிதமோ எழுதுபவர்களுக்கும், பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கலந்துரையாடலை வழிநடத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் பயன்படும் வகையில், அந்த உழைப்பை எந்த வரிசையில் மேற்கொள்ளலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தவறுதலாக நடந்தது என்ற விளக்கம் முழு உண்மையாகவே இருந்தாலும், அது சுட்டவருடைய நோக்கத்தை மட்டுமே விளக்குகிறது. அரசியல் தலைவரின் பொறுப்பு அங்கே இல்லை. தாக்குதலுக்கு முன் அவர் அனுமதித்த ஏற்பாடுகளிலும், உண்மை தெரிந்த பிறகு அவர் மௌனமாகக் கழித்த நாட்களிலும், இறுதியில் அவர் எதைக் கொடுத்தார், எதை மறுத்தார் என்பதிலும்தான் அது இருக்கிறது.

முதலில் ஆட்களைப் பிரித்து எழுதுங்கள்

செய்தியைப் படித்தவுடன் ஒரு தாளை எடுத்து, விசையை அழுத்தியவர் யார், இலக்கைத் தேர்ந்தெடுத்தவர் யார், அந்த இலக்கைச் சரிபார்த்திருக்க வேண்டியவர் யார், இத்தகைய தாக்குதலை நடத்தலாம் என்ற விதியை வகுத்தவர் யார் என்று நான்கு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் செய்திகளில் பெரும்பாலும் முதல் வரிக்கு மட்டுமே விடை கிடைக்கும். தலைவர்கள் நான்காவது வரியில் இருக்கிறார்கள். அந்த வரி காலியாக இருக்கும் வரை அவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இதற்கு மிகச் சிறந்த பயிற்சிப் பாடம் பெல்கிரேட் நிகழ்வு. 1999 மே 7ஆம் தேதி இரவு, யூகோஸ்லாவியா மீதான நேட்டோ தாக்குதலின்போது, அமெரிக்காவின் பி-2 விமானம் போட்ட ஐந்து குண்டுகள் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தைத் தகர்த்தன. சீனச் செய்தியாளர்கள் மூவர் உயிரிழந்தனர். குறிவைக்கப்பட்டது அருகில் இருந்த யூகோஸ்லாவிய இராணுவக் கொள்முதல் அலுவலகம் என்றும், பழைய வரைபடத்தை நம்பியதால் பிழை நேர்ந்தது என்றும் அமெரிக்கா விளக்கியது. தூதரகமோ 1996இலேயே அந்தப் புதிய இடத்திற்கு மாறியிருந்தது. அந்தப் போரில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ தானாக முன்மொழிந்த ஒரே இலக்கு அதுதான் என்று அதன் இயக்குநர் ஜார்ஜ் டெனெட் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இலக்கைப் பற்றி உள்ளேயே ஓர் அதிகாரிக்கு ஐயம் எழுந்தும், அது உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது.

இப்போது நான்கு வரிகளையும் நிரப்பிப் பாருங்கள். விமானி தமக்குக் கொடுக்கப்பட்ட இடத்தில் சரியாகக் குண்டு போட்டார். அவர் மீது குறை இல்லை. இலக்கைத் தேர்ந்தெடுத்த அதிகாரி ஒருவர் 2000 ஏப்ரலில் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேலும் ஆறு பேர் கண்டிக்கப்பட்டனர். சரிபார்க்கும் பட்டியல்கள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. அதற்கு ஒரு தனி மனிதரைச் சுட்ட முடியவில்லை. நான்காவது வரியில் அதிபர் கிளிண்டனும் நேட்டோ நாடுகளின் தலைவர்களும் இருக்கிறார்கள். தரைப்படையை அனுப்பாமல் வானிலிருந்து மட்டுமே போரிடுவது என்றும், எதிர்பார்த்தபடி விரைவில் பணியாத பகைவருக்கு எதிராக இலக்குப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது என்றும் முடிவெடுத்தவர்கள் அவர்கள்தாம். இலக்குகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட ஏழாவது வாரத்தில், இலக்குகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லாத அமைப்பு ஒன்று அந்த வேலையில் இறங்கியது தற்செயல் அன்று என்பது என் கருத்து. இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் பொறுப்பு என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: கீழ்நிலை அதிகாரி தண்டிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தவுடன் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். பல அரசுகள் அந்தச் செய்தியை வெளியிடுவதே நாம் தாளை மடிப்பதற்காகத்தான்.

தேதிகளை அடுக்குங்கள்

அடுத்த வேலை, தாக்குதல் நடந்த நாள், முதல் மறுப்பு வந்த நாள், உண்மை ஒப்புக்கொள்ளப்பட்ட நாள் ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதுவது. தலைவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நம்பகமான சான்று பெரும்பாலும் இந்த இடைவெளிதான், ஏனென்றால் போர்க்களத்தில் என்ன நடந்தது என்பதை நாம் பார்க்க முடியாவிட்டாலும், தலைநகரில் என்ன சொல்லப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது.

2020 ஜனவரி 8ஆம் தேதி, ஈரானின் புரட்சிக் காவல் படை தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தனர். ஏவுகணை என்ற பேச்சையே அரசு மூன்று நாட்கள் மறுத்து, 11ஆம் தேதி ஒப்புக்கொண்டது. அதிபர் ருஹானி அதை மன்னிக்க முடியாத பிழை என்றார். புரட்சிக் காவல் படையின் வான்பிரிவுத் தளபதி ஹாஜிசாதே முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அறிவித்துவிட்டு, 2025 ஜூனில் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்படும் வரை அதே பதவியில் நீடித்தார். பொறுப்பேற்கிறேன் என்ற வாக்கியத்திற்குப் பின்னால் பதவி, விசாரணை, தண்டனை ஆகிய மூன்றில் ஏதேனும் அசைந்ததா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். இந்த நிகழ்வில் இன்னொரு கேள்வியும் உண்டு: அன்று அதிகாலை ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணைகளை அனுப்பிய அரசு, பதிலடியை எதிர்பார்த்திருந்த அந்த நேரத்தில் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடாமல் விட்டது ஏன்? ஏவுகணை இயக்கியவரின் தலையில் சுமத்த முடியாத முடிவு அது.

2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி காபூலில் அமெரிக்க ஆளில்லா விமானம் நடத்திய தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர். பயங்கரவாதியைத் தாக்கியதாகவும் அது நியாயமான தாக்குதல் என்றும் உயர் தளபதி முதலில் பேசினார்; செப்டம்பர் 17ஆம் தேதிதான், செய்தியாளர்களின் புலனாய்வு வெளிவந்த பிறகு, பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில், யாருக்கும் தண்டனை இல்லை என்று முடிவாகியது. மாறாக, 2020 நவம்பரில் அஜர்பைஜான் தவறுதலாக ரஷ்ய ஹெலிகாப்டர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியபோது, அன்றே மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தருவதாகச் சொன்னது. பலம் மிக்கவரிடம் தவறு செய்தவர் விரைந்து ஒப்புக்கொள்கிறார், பலமற்றவரிடம் செய்தவர் நாள் கடத்துகிறார் என்று இதிலிருந்து ஒரு பொது விதியை உருவாக்கத் தோன்றும். பெரும்பாலும் அது பொருந்தும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தேதிகளை வைத்தே நிரூபியுங்கள்.

வருத்தம், மன்னிப்பு, பணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோடுங்கள்

தூதரக உலகில் இவை மூன்றும் மூன்று வேறு செயல்கள். 2001ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் அனைத்துலகச் சட்ட ஆணையம் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளின்படி, தவறிழைத்த அரசு பழைய நிலையை மீட்டுத் தருதல், இழப்பீடு கொடுத்தல், தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது போன்ற மனநிறைவு அளித்தல் ஆகிய கடமைகளுக்கு உட்படுகிறது. அரசுகள் பொதுவாகச் செய்வது, இவற்றுள் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றைத் தவிர்ப்பது.

1988 ஜூலை 3ஆம் தேதி, அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானம் 655ஐச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். விமானம் தாழ்ந்து வந்து கப்பலை நோக்கிப் பாய்ந்தது என்று முதலில் சொன்னார்கள். அது வழக்கமான வான்பாதையில் மேலேறிக்கொண்டிருந்தது என்று கடற்படையின் சொந்த விசாரணையே பிறகு கண்டறிந்தது. கப்பல் அப்போது ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்தது என்பது 1992இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதிபர் ரீகன் வருத்தம் தெரிவித்தார்; துணை அதிபர் புஷ் ஐநா பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்காவின் செயலுக்காக வாதாடினார். கப்பல் தலைவருக்கு, அவருடைய பணிக்காலத்திற்காக என்று சொல்லி, 1990இல் விருது வழங்கப்பட்டது. ஈரான் அனைத்துலக நீதிமன்றத்தில் தொடுத்திருந்த வழக்கு 1996இல் சமரசத்தில் முடிந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6 கோடியே 18 இலட்சம் டாலர் கொடுக்க அமெரிக்கா இசைந்தது, ஆனால் சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. பணத்தைப் பார்த்துவிட்டு நியாயம் கிடைத்ததாக எழுதுபவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டுங்கள்.

மன்னிப்பை மறுப்பதற்கும் விலை உண்டு என்பதை 2011 நவம்பர் 26ஆம் தேதி நடந்த சலாலா நிகழ்வு காட்டுகிறது. ஆப்கான் எல்லையில் நேட்டோ விமானங்கள் பாகிஸ்தான் இராணுவ நிலைகளைத் தாக்கி 24 வீரர்களைக் கொன்றன. பாகிஸ்தான் உடனே நேட்டோவின் சரக்குப் பாதைகளை மூடியது. ஷம்சி விமானத் தளத்திலிருந்து அமெரிக்கர்களை வெளியேறச் சொன்னது. இரு தரப்பிலும் பிழை இருந்தது என்று அமெரிக்க விசாரணை கூறியதால், தேர்தல் ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்த வெள்ளை மாளிகை வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. சரக்குகளை வடக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுவர மாதத்திற்குச் சுமார் 10 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகிறது என்று அமெரிக்கத் தற்காப்பு அமைச்சரே சொன்னார். ஏழு மாதங்களுக்குப் பிறகு, 2012 ஜூலை 3ஆம் தேதி, வெளியுறவு அமைச்சர் ஹில்லாரி கிளிண்டன் தொலைபேசியில் மன்னிப்புக் கோரிய பின்னரே பாதை திறந்தது. அந்த ஏழு மாதங்களும் எந்தத் தலைவரின் கணக்கில் சேரும் என்ற கேள்வியை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நல்ல சொற்போர்த் தலைப்பு அது.

பெல்கிரேடு நிகழ்வில் அதிபர் பில் கிளிண்டன் சில நாட்களிலேயே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இறந்தவர்கள், காயமடைந்தவர்களுக்காக 45 இலட்சம் டாலரும் கட்டடத்திற்காக 2 கோடியே 80 இலட்சம் டாலரும் கொடுக்கப்பட்டன. சீனாவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் அமெரிக்கத் தூதரகங்களுக்கு விளைவித்த சேதத்திற்காகச் சீனாவும் 28 இலட்சத்து 70 ஆயிரம் டாலர் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் தவறுதலாக நடந்தது என்ற விளக்கத்தைப் பெய்ஜிங் ஏற்கவில்லை. மன்னிப்பும் பணமும் கொடுத்தாகிவிட்டது என்றாலும், எதிர்த்தரப்பு நம்பும்படியான விளக்கம் இல்லாவிட்டால் காயம் ஆறுவதில்லை. 2024 மே மாதத்தில், அந்த நாளின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவின்போது, அதிபர் ஸி ஜின்பிங் செர்பியாவுக்குப் போனதே போதுமான சான்று.

நாடாளுமன்றத்தில் என்ன சொல்லப்பட்டது என்று தேடுங்கள்

என்னைக் கேட்டால், தலைவர்களின் பொறுப்பைப் பிடித்துக் காட்டக்கூடிய இடம் நீதிமன்றத்தைவிட நாடாளுமன்றம்தான். நெதர்லாந்தின் ஹவிஜா விவகாரத்தை இதற்காகவே படிக்க வேண்டும். 2015 ஜூன் மாதத் தொடக்கத்தில் டச்சு எஃப்-16 விமானங்கள் ஈராக்கின் ஹவிஜா நகரில் ஐஎஸ் அமைப்பின் வெடிகுண்டுத் தொழிற்கூடத்தைத் தாக்கின. உள்ளே எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான வெடிபொருள் இருந்ததால் சுற்றுப்புறமே தகர்ந்து, குறைந்தது 70 பொதுமக்கள் இறந்தனர். டச்சுத் தாக்குதலால் பொதுமக்கள் இறந்ததாகத் தெரியவில்லை என்ற பொருளில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் ஜெனின் ஹென்னிஸ் நாடாளுமன்றத்திற்குப் பதில் அளித்தார். 2019இல் டச்சுச் செய்தியாளர்கள் உண்மையை வெளிக்கொணர்ந்த பின், நாடாளுமன்றத்திற்குத் தவறான தகவல் கொடுக்கப்பட்டதை அவருக்குப் பின் வந்த அமைச்சர் ஒப்புக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. அதே ஹென்னிஸ் 2017 அக்டோபரில் பதவி விலகினார். ஆனால் ஹவிஜாவுக்காக அல்ல, மாலியில் நடந்த பயிற்சியில் பழுதான எறிகுண்டு வெடித்து இரண்டு டச்சு வீரர்கள் இறந்ததற்காக. தம் நாட்டு வீரர் இருவருக்காக அமைச்சர் பதவி துறக்கும் அளவுக்கு நாகரிகம் உள்ள ஓர் அரசியல் அமைப்பில், அயல்நாட்டார் எழுபது பேரின் சாவு நான்கு ஆண்டுகள் வெளிவராமலே இருந்தது. ஒரு தலைவர் யாருக்குப் பொறுப்பானவராகத் தம்மைக் கருதுகிறார் என்பதை அளக்க இதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் எழுதும் நிகழ்வில், அமைச்சரிடம் கேள்வி கேட்கப்பட்டதா, எந்தத் தேதியில் என்ன பதில் தரப்பட்டது, அந்தப் பதில் பின்னர் திருத்தப்பட்டதா என்று நாடாளுமன்றக் கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள். கேள்வி கேட்கும் நாடாளுமன்றமே இல்லாத நாடுகளில், அந்த இல்லாமையையே குறிப்பிடுங்கள்.

நீதிமன்றத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில், பதவி யாரையும் காப்பாற்றாது என்று 27ஆவது பிரிவும், கீழிருப்போர் செய்யும் குற்றங்களைத் தெரிந்தும் தடுக்காத தலைவர் பொறுப்பாவார் என்று 28ஆவது பிரிவும் சொல்கின்றன. ஆனால் 28ஆவது பிரிவு செயல்பட வேண்டுமென்றால் கீழே ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். உண்மையான பிழை குற்ற நோக்கத்தை நீக்கிவிடுகிறது என்று 32ஆவது பிரிவு இடமளிக்கிறது. பதவியில் இருக்கும் நாட்டுத் தலைவர், அரசுத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகியோரை அயல்நாட்டு நீதிமன்றங்கள் தொட முடியாது என்று 2002இல் காங்கோவும் பெல்ஜியமும் மோதிய வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மலேசியாவைப் பொறுத்தவரை, 2019 மார்ச்சில் ரோம் சட்டத்தில் இணைந்து, உள்நாட்டு எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே விலகிக்கொண்டது. இந்தச் சிறு வரலாற்றை அறியாமல், அயல்நாட்டுத் தலைவர்களை அந்தக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் தி ஹேக்கிற்கு அனுப்ப வேண்டும் என்று நம் மேடைகளில் முழங்குவது சற்றே சங்கடமான காட்சி.

ஒரு தவறா, தொடர்ந்து நடப்பதா என்று பாருங்கள்

மருத்துவமனை ஒருமுறை தாக்கப்பட்டால் தவறு என்ற விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம்; அதன் இருப்பிடம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தும், தாக்குதல்கள் திரும்பத் திரும்ப நடந்தால் அந்த விளக்கம் நிற்காது. நம் வாசகர்களுக்கு இலங்கையின் இறுதிப் போர் உடனே நினைவுக்கு வரும். அப்போதைய ஐநா பொதுச் செயலாளர் பான் கி மூன் அமைத்த மூவர் குழு, மர்சுக்கி தருஸ்மான் தலைமையில் 2011இல் அளித்த அறிக்கை, அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களும் மருத்துவமனைகளும் ஷெல் வீச்சுக்கு உள்ளாயின என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று கண்டது. பொதுமக்களை வெளியேற விடாமல் தடுத்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் விடுதலைப் புலிகள் மீதும் நம்பத்தகுந்தவை என்றே கண்டது. அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் இரு தரப்பிலும் இருக்கிறது. அதைத் தவிர்த்தால் உங்கள் வாதம் வலுக்கும். 2012 மார்ச்சில் ஐநா மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் 24க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியபோது, ஒதுங்கி நின்ற எட்டு நாடுகளில் மலேசியாவும் ஒன்று. தலைவர்களின் பொறுப்பைப் பற்றி நாம் பேசும்போது, வாக்களிக்காமல் இருக்க முடிவெடுத்தவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டைத் தொடும் நிகழ்வை எழுதும்போது

இது தொலைதூர விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில் இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம், 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகள் இலக்குத் தவறி விழுந்ததில் சேதமடைந்தது. ஆனால் நம் தலைமுறைக்கு உரிய நிகழ்வு மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 வீழ்த்தப்பட்டதுதான்.

2014 ஜூலை 17ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த அந்த விமானம் கிழக்கு உக்ரைனில் 'புக்' எனும் வான்காப்பு ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தனர். பணியாளர்கள் 15 பேர் உட்பட 43 பேர் மலேசியர். இதை மேலே சொன்ன முறைப்படி ஆராயும்போது, சுட்ட தரப்பின் பொறுப்பு, வான்வெளியை நிர்வகித்த நாட்டின் பொறுப்பு, இழந்த நாட்டின் தலைவர்களின் பொறுப்பு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏவுகணை ரஷ்யாவின் 53ஆவது வான்காப்புப் படைப்பிரிவுக்கு உரியது என்று நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், உக்ரைன், மலேசியா ஆகிய நாடுகளின் கூட்டு விசாரணைக் குழு கண்டறிந்தது. 2022 நவம்பர் 17ஆம் தேதி டச்சு நீதிமன்றம் மூவரை, அவர்கள் நேரில் வராத நிலையில், குற்றவாளிகள் என்று அறிவித்தது, நான்காமவரை விடுவித்தது. போர் விமானம் என்று நினைத்துச் சுட்டிருந்தாலும், சாதாரணக் குடிமக்களான அவர்களுக்கு எதையும் சுடும் உரிமையே இல்லை என்பதால் தவறு என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. 2023 பிப்ரவரியில், ஏவுகணைச் சாதனத்தை வழங்கும் முடிவில் அதிபர் புதினுக்குப் பங்கிருந்ததற்கு வலுவான அறிகுறிகள் உண்டு என்றும், வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அவை போதவில்லை என்றும், நாட்டுத் தலைவருக்கு உரிய விலக்கும் தடையாக இருக்கிறது என்றும் கூட்டுக் குழு கூறியது. இந்த மூன்று பகுதிகளையும் சேர்த்தே மேற்கோள் காட்ட வேண்டும்.

உக்ரைன் தன் வான்வெளியை 32,000 அடி வரை மட்டுமே மூடியிருந்தது. எம்எச்17 33,000 அடியில் பறந்தது. முழுவதுமாக மூடப் போதிய காரணம் இருந்தது என்று டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015இல் முடிவு கூறியது. சுட்டவரின் குற்றத்தை இது சிறிதும் குறைக்காது.

நம் தலைவர்களைப் பொறுத்தவரை, பிரதமர் நஜிப் கிழக்கு உக்ரைனின் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் தலைவருடன் நேரடியாகப் பேசி, ஐந்தே நாட்களில் உடல்களையும் கறுப்புப் பெட்டிகளையும் மீட்டது தூதரக வரலாற்றில் துணிச்சலான செயல். 2015 ஜூலை 29ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் அமைக்கும் தீர்மானத்தை மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் முன்வைத்தது. 11 நாடுகள் ஆதரித்தும், மூன்று ஒதுங்கியும், ரஷ்யாவின் தடை வாக்கால் அது வீழ்ந்தது. பின்னர் 2019 ஜூனில் பிரதமர் மகாதீர், மலேசியாவும் அங்கம் வகித்த விசாரணைக் குழுவின் முடிவுகளையே ஆதாரமற்றவை என்று ஐயுற்றார். அதன் பின், அனைத்துலகப் பொது வான் போக்குவரத்து அமைப்பில் 2022இல் ரஷ்யாவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவை ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும்தான். விமானத்தின் உரிமையாளரான நாடு அந்த மனுவில் இல்லை. ஏன் இல்லை என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவைக் கேட்பது, மேடையில் முழங்குவதைவிடப் பயனுள்ள வேலை.

சிறிய நாடு அழுத்தம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அஜர்பைஜானைப் பாருங்கள். 2024 டிசம்பர் 25ஆம் தேதி அதன் பயணிகள் விமானம் ரஷ்ய வான்வெளியில் சேதமடைந்து கசகஸ்தானில் விழுந்து 38 பேர் இறந்தனர். மூன்று நாட்களில் புதின் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், ஆனால் தம் படையே காரணம் என்று சொல்லவில்லை. அது போதாது என்று அதிபர் அலியேவ் தொலைக்காட்சியிலேயே அறிவித்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், தண்டனை, இழப்பீடு ஆகியவற்றைக் கோரினார். உறவு மாதக்கணக்கில் சீர்குலைந்தது. 2025 அக்டோபரில், ரஷ்ய ஏவுகணைகள் விமானத்தின் அருகே வெடித்ததைப் புதின் நேரில் ஒப்புக்கொண்டார்.

எழுதி முடிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்பது இருக்கிறதா என்று பாருங்கள்; குண்டுகள் தாமாக விழுவதில்லை. இறந்தோர் எண்ணிக்கையை யார் சொன்னது என்று குறிப்பிடுங்கள். தலைவர் சொன்னதை மேற்கோள் காட்டும்போது, அவர் சொன்ன தேதியையும் உடன் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த வாரம் அவரே வேறொன்றைச் சொல்லியிருக்கலாம். குற்றம், பொறுப்பு, கவனக்குறைவு ஆகியவற்றை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

எம்எச்17 பற்றி எழுதுவோர் இப்போதைய நிலையை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்: 2025 மே மாதத்தில் வான் போக்குவரத்து அமைப்பின் மன்றம் ரஷ்யா தன் சட்டக் கடமையை மீறியதாக முடிவு செய்தது, அதே ஆண்டு ஜூலை 9ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவைப் பொறுப்பாக்கியது, மன்றத்தின் முடிவை எதிர்த்து ரஷ்யா அனைத்துலக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறது. எனவே, அரசின் பொறுப்பு தீர்மானிக்கப்பட்டுள்ளது, மேல்முறையீடு தொடுக்கப்பட்டுள்ளது, தனிமனிதர்களில் மூவர் தண்டிக்கப்பட்டும் அந்தத் தண்டனைக்காகச் சிறைக்கு அனுப்பப்படவில்லை, எந்த அரசியல் தலைவர் மீதும் வழக்கு இல்லை என்று நான்கையும் பிரித்தே எழுதுங்கள்.